வலப்பூ

பூசாரி ஆறுமுகம் முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினார். "காத்தடிச்சு விழுந்தா அது காத்து சொன்ன வாக்குங்க, அம்மன் சொன்னதாகாது" என்றார் பொதுவாக, யாரையும் பார்க்காமல். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த ஸ்டாண்டு ஃபேன், சூலம் நட்டிருந்த பக்கமாக முகத்தைத் திருப்பிய நிலையில் அப்படியே ஓய்ந்தது. தூணடியில் சட்டையில்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, மனதுக்குள் பூசாரிக்கு மதிப்பெண் போட்டார். உலகத்தில் அற்புதம் நடத்தியவர்களில் எத்தனை பேருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தொடங்கும் நாணயம் இருந்தது? கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவர், எல்லா மதங்களின் அற்புதங்களையும் பற்றித் தலையணை மாதிரி ஒரு புத்தகம் எழுதியவர், மாணவர்களால் 'அற்புதம் வாத்தியார்' என்று முதுகுக்குப் பின்னால் அழைக்கப்பட்டவர், இந்த ஒரு காரியத்தைத் தன் புத்தகத்தில் சேர்க்காமல் விட்டதற்காகக் கொஞ்சம் வருந்தினார். அதற்குள் ஆறுமுகம் இரண்டு செவ்வரளிப் பூக்களை எடுத்து, காம்பை ஈரச் சந்தனத்தில் தோய்த்து, செல்லாண்டியம்மனின் இரண்டு தோளிலும் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டு ஒதுங்கினார். வலப்பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடப்பூ விழுந்தால் வேண்டாம். எதுவும் விழாவிட்டால் விழுகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வலப்பக்கம் குத்துவிளக்கு, இடப்பக்கம் சூலம் என்று நாச்சிமுத்து மனதில் குறித்துக்கொண்டார். குறித்த மறுகணமே அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆறுமுகம் கெட்டிக்காரர். விளக்கின் சூட்டில் வலப்பக்கச் சந்தனம்தான் முதலில் காயும், காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் பிடி விடும். ஆக, இந்தக் கோயிலில் பத்தில் ஏழு பேருக்காவது உத்தரவு கிடைக்காமல் போகாது. சுற்று வட்டாரத்தில் கல்யாணங்கள் நடப்பதும் கிணறுகள் தோண்டப்படுவதும் ஒரு குத்துவிளக்கின் தயவில். இதை வெளியே சொன்னால் நங்கை அடிக்க வருவாள். அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் அழைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம், அடிக்க வருவது இந்த நங்கையின் வழக்கம்.

அவள் அம்மனுக்கு நேர் எதிரில் உட்கார்ந்து ஏற்கனவே ஆரம்பித்திருந்தாள். "என்ன யோசிக்கற? வருசம் தவறாம பொங்க வெச்சதுக்கு இதுதான் மருவாதியா? கல்லாட்டம் நிக்கறயே." அவள் பக்கத்தில் மகள் கவுசல்யா, "அம்மா, அது கல்லுதானுங்கம்மா" என்று முணுமுணுத்து, தொடையில் ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டாள். நாச்சிமுத்துவுக்கு நேப்பிள்ஸ் ஞாபகம் வந்தது. அவர் நேப்பிள்ஸுக்குப் போனதில்லை, ஆனால் போனவர்களைவிட நன்றாகத் தெரியும். அங்கே தேவாலயத்தில் ஒரு புனிதரின் உறைந்த ரத்தம் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. குறித்த நாட்களில் அது இளகி ஓட வேண்டும். தாமதமானால், புனிதருக்கு உறவுக்காரிகள் என்று உரிமை கொண்டாடும் கிழவிகள் முன்வரிசையில் நின்று அவரைத் திட்டத் தொடங்குவார்கள், மஞ்சமூஞ்சிக்காரா என்பார்கள். பக்தி என்றால் கை கட்டி வாய் பொத்தி நிற்பது என்று நினைப்பவர்கள் நேப்பிள்ஸையும் நங்கையையும் பார்த்ததில்லை. திட்டும் உரிமை இருக்கும் இடத்தில்தான் அற்புதம் நடக்கிறது என்று ஒரு அத்தியாயம் எழுதலாம். யூதர்களின் பழங்கதையில் ஒரு படைத்தலைவன் ஆட்டுத்தோலை இரவில் வெளியே போட்டுக் கடவுளைக் கேட்கிறான்: தோல் மட்டும் பனியில் நனைந்து தரை காய்ந்திருந்தால் போருக்குப் போகிறேன். அப்படியே நடக்கிறது. உடனே போனானா? இல்லை. மறுநாள் மாற்றிக் கேட்கிறான், இப்போது தரை நனைந்து தோல் காய்ந்திருக்கட்டும் என்று. அந்த இரண்டாவது கேள்விக்காகவே அவனை நாச்சிமுத்துவுக்குப் பிடிக்கும். ஆய்வு மனப்பான்மை. பாரசீகத்தில் ஒரு குரு தன் மார்பில் உருக்கிய உலோகத்தை ஊற்றச் சொல்லித் தன் மதமே மெய் என்று நிறுவினாராம். மதுரையில் வாதத்துக்கு நின்றவர்கள் ஆற்றில் ஏட்டை விட்டு எது எதிர்த்து வருகிறதென்று பார்த்தார்களாம். தோல், உலோகம், ஏடு, பூ. பொருள்கள்தான் மாறுகின்றன. மனிதன் தன் மனதை ஒரு பொருளின் மேல் ஏற்றி எங்கோ அனுப்பிவிட்டு, அது திரும்பி வருகிறவரை திண்டாடுகிறான். இப்படி ஒரு வாக்கியம் தோன்றியதும் நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல வாக்கியம். அந்த நேரத்தில் இடது விலாவுக்குக் கீழே ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவர் உடம்பு மொத்தமும் ஒருமுறை துள்ளி அடங்கியது.

அந்த இடம்தான். மருத்துவர் விரலை வைத்துக் காட்டிய இடம். அண்ணன் கருப்பண்ணனின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் கோயமுத்தூருக்குப் போய், கையில் ஊசி குத்தி, ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறார். நங்கைக்குச் சர்க்கரை, கவுசல்யாவுக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை. மிச்சம் தம்பி. "எடுத்துக்கச் சொல்லுங்க, ரெண்டு இருக்குது, ஒண்ணு சும்மாதான் கெடக்குது" என்று போனில் அடித்துவிட்டார் நாச்சிமுத்து, கடையில் கடலை மிட்டாய் வாங்கித் தருகிற தோரணையில். சுலோச்சனா, அவர் மனைவி, அடுப்படியில் கரண்டியோடு திரும்பி அவரையே பார்த்தாள். சோதனைகள் எல்லாம் பொருந்தி வந்தன. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தட்டில் மாட்டி மருத்துவர் விளக்கியபோதுகூட நாச்சிமுத்து உற்சாகமாகத்தான் இருந்தார். "ஓ, இந்த வலதுதான் எடுக்கப்போறீங்களா?" என்று படத்தில் தொட்டார். "சார், அது உங்க இடது. படத்துல நீங்க எனக்கு எதிர்ல நிக்கறீங்கன்னு நெனச்சுக்குங்க" என்றார் அந்தச் சின்னப் பையன், மருத்துவர் என்பதால் பையன் என்று சொல்லக்கூடாது. தானே தனக்கு எதிரில் நிற்பது என்ற கருத்து அவருக்கு மிகவும் பிடித்துப்போய், மருத்துவமனை கேன்டீனில் சுலோச்சனாவுக்கு அதை விரித்துரைத்தார். பயம் அன்றைக்கு வரவில்லை. மறுநாள் குளிக்கும்போது, சோப்பு அந்த இடத்தில் வழுக்கியபோது வந்தது. வந்தது என்றால் பெரிய அலறல் ஒன்றும் இல்லை. அந்த இடம் தனியாக விழித்துக்கொண்டது, அவ்வளவுதான். அதிலிருந்து அது தூங்கவே இல்லை. பேருந்தில் யாராவது இடித்தால் அது முதலில் திரும்பிப் பார்க்கிறது. ஆபத்து மிகக் குறைவு என்று அவருக்குத் தெரியும், படித்திருக்கிறார், படித்ததைப் பிறருக்கு எடுத்தும் சொல்லியிருக்கிறார். விலாவுக்குக் கீழே இருக்கும் ஒரு சாண் தோலுக்குப் படிப்பில்லை. கோயிலுக்குள் சட்டையைக் கழற்றச் சொன்னபோது கழற்றிவிட்டு, தோளில் போட வேண்டிய துண்டை அந்த இடத்தின் மேல் இழுத்து விட்டுக்கொண்டார். ஈயை விரட்டிய கையோடு இப்போதும் அதைச் சரிசெய்துகொண்டார்.

முட்டுக்கட்டை போட்டது அண்ணன்தான். எல்லாம் கூடி வந்த பிறகு, மருத்துவமனையில் நாள் கேட்கப் போகும் நேரத்தில். "பூக் கேக்காம என்னைக்காவது நான் ஒரு காரியம் பண்ணியிருக்கனா? அவ சரின்னா சரி. வேண்டாம்னுட்டா, உன்ற ஒடம்பக் கிழிச்சு வாங்கி நான் உக்காந்து கஞ்சி குடிக்கோணும்னு ஒண்ணுமில்லடா" என்றார். வாதம் செய்து பார்த்தார் நாச்சிமுத்து. கருப்பண்ணனிடம் வாதம் செய்வது எருமையிடம் நகரச் சொல்வது மாதிரி, அது நம்மைக் கருணையோடு பார்க்கும். அதுவும் உண்மைதான், பூக் கேட்காமல் அவர் எதையும் செய்ததில்லை. நாச்சிமுத்துவைக் கோயமுத்தூருக்குப் படிக்க அனுப்பியதே இதே அம்மனிடம் பூக் கேட்டுத்தான். அன்றைக்கும் உத்தரவு கிடைத்தது. உள்ளே வரமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நாச்சிமுத்து வாசலில் செருப்புகளுக்குக் காவலாக நின்றிருந்தார். ஆக, கடவுள் இல்லை என்று கற்றுக்கொள்ளக் கடவுளிடம் அனுமதி வாங்கிப் போனவர் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்பதை அவர் சொற்பொழிவுகளில் சிரிப்புக்காகச் சொல்வதுண்டு. அப்போது உள்ளே வந்து பார்த்திருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து முதல்முறையாகப் பூ விழுவதைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறார், அதுவும் தன் இடுப்பைப் பற்றி.

இரண்டு பூவும் அசையவில்லை. அவர் வலப்பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குச் சுடர் அதன் விளிம்பில் மினுங்கியது. கண் வலித்துத் திரும்பியபோது ஒன்றைக் கவனித்தார்: வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அண்ணன் சூலத்தின் பக்கம், இடப்பூவையே பார்த்துக்கொண்டிருந்தார், இமை கொட்டாமல். வீங்கிய கால்களை நீட்டி, கைகளைப் பின்னால் ஊன்றி, குழந்தை பொம்மலாட்டம் பார்ப்பதுபோல. நங்கையும் அங்கேதான். கவுசல்யாவும் அங்கேதான். நாச்சிமுத்துவின் மூளை சந்தோஷமாக வேலையைத் தொடங்கியது. இதுதான் மனித இயல்பு, நம்பிக்கைக்குக் கண் கிடையாது, பயத்துக்குத்தான் உண்டு. விழ வேண்டிய பூவை யாரும் பார்ப்பதில்லை, விழக்கூடாத பூவைத்தான் கட்டிக் காக்கிறார்கள், பார்வையாலேயே அதைத் தோளோடு அழுத்திப் பிடிக்கிறார்கள். அற்புதத்துக்காகக் காத்திருப்பவர்கள் உண்மையில் விபத்துக்குக் காவல் இருக்கிறார்கள். அடடா. இதையும் எழுத வேண்டும். பிறகு அவர் சுலோச்சனாவைப் பார்த்தார். அவளும் இடப்பூவைத்தான் பார்த்தாள். ஆனால் அவள் முகம் மற்றவர்கள் முகம் மாதிரி இல்லை. உதடு அசைந்தது. கண் கெஞ்சியது. விழு, விழு என்று அதைக் கூப்பிடுவது போல இருந்தது. அவளுக்கு வேண்டாம் என்ற பதில் வேண்டும். அடுப்படியில் கரண்டியோடு நின்ற பார்வைக்கு இதுதான் அர்த்தம். வாயைத் திறந்து சொல்லாமல், அண்ணன் குடும்பத்து நடுவில் உட்கார்ந்துகொண்டு, புருஷனை முழுசாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் கல்லிடம். பாவி, சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நானும்... நானும் என்ன? அந்த இடத்தில் அவர் எண்ணம் முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி நின்றது. இழுத்தார், கிழிந்துவிடும் போலிருந்தது. சரி, வேறு பக்கமாகப் போகலாம்.

சுவரில் பல்லி ஒன்று சத்தம் கொடுத்தது. நங்கை சட்டென்று தரையைத் தட்டி, "சொல்லிப்போட்டுது" என்றாள். "என்னங்கம்மா சொல்லுச்சு?" என்றாள் கவுசல்யா. "நல்லதுதான் சொல்லீருக்கும்." "கெட்டது சொன்னாலும் இதே சத்தம்தானுங்கம்மா வரும்?" "உங்க சித்தப்பனாட்டம் பேசாதடி." கருப்பண்ணன் குலுங்கிச் சிரித்தார், சிரித்ததும் மூச்சு வாங்கியது, நங்கை அவர் முதுகைத் தடவினாள், எல்லாம் சேர்ந்து ஒரே அசைவாக நடந்தது. பிள்ளையார் பால் குடித்த அந்த நாள் நாச்சிமுத்துவுக்கு நினைவு வந்தது. ஊரெல்லாம் சொம்போடு ஓடியபோது அவர் கோயில் வாசலிலேயே நின்று, ஸ்பூனில் பாலை எடுத்து, பரப்பு இழுவிசையை விளக்கி, கோயிலுக்கு வெளியே இருந்த மைல்கல்லுக்கும் பால் குடிப்பாட்டிக் காட்டினார். மைல்கல் நன்றாகவே குடித்தது. கூட்டத்தில் ஒரு பெரியவர், "சரிங்க சார், நீங்க சொல்றது அத்தனையும் சரி. இந்த இழுவிசை நேத்து எங்கீங்க போயிருந்துச்சு?" என்றார். நேற்று யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் பதில். அவருக்கு அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. புத்தர் நல்லவர். அவருடைய சீடர் ஒருவர், உயரத்தில் கட்டி வைத்த சந்தனக் கிண்ணத்தை வானத்தில் பறந்துபோய் எடுத்து வந்தபோது, மரக்கிண்ணம் ஒன்றுக்காக வித்தை காட்டினாயா என்று கடிந்துகொண்டு கிண்ணத்தையும் உடைக்கச் சொன்னாராம். பறக்க முடியாது என்று சொல்லவில்லை. பறக்காதே என்றார். அந்த நுட்பம் யாருக்குப் புரிகிறது. நம் கடற்கரையை எடுத்துக்கொண்டால், வேளாங்கண்ணியில் புயலில் சிக்கிய மாலுமிகளை மாதா கரை சேர்த்தாள், கொஞ்சம் வடக்கே நாகூரில் ஓட்டை விழுந்த கப்பலை ஆண்டவர் கண்ணாடியை வீசி அடைத்தார். ஒரே கடல், ஒரே பயம். இரண்டு மதமும் அக்கம்பக்கத்தில் கடை போட்டிருக்கின்றன என்று வகுப்பில் சொல்வார், பிள்ளைகள் சிரிப்பார்கள். சீனர்களுடைய ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் கச்சிதம். பிறை வடிவ மரத்துண்டு இரண்டைத் தரையில் போடுவார்கள், உறுதிக்காக மூன்று தடவைகூட. ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சரி. இரண்டும் குப்புற விழுந்தால் இல்லை. இரண்டும் மல்லாந்து ஆடினால் தெய்வம் சிரிக்கிறது, உன் கேள்வி சரியில்லை, வேறு மாதிரி கேள் என்று அர்த்தம். சிரிக்கும் பதில்! இங்கே அது இல்லையே. இங்கே தெய்வத்துக்கு இரண்டே தோள். சரியா, வேண்டாமா. கேட்டவன் யார், கேட்ட கேள்வி அவனுடையதுதானா என்று யாரும் பார்ப்பதில்லை.

மறுபடியும் அங்கேயே வந்து நின்றது. சரி, பார்த்துவிடலாம் என்று நாச்சிமுத்து துணிந்தார், தேர்வுத்தாள் திருத்துகிறவர் மோசமான தாளைக் கடைசியில் எடுப்பது போல. இடப்பூ விழுந்தால் என்ன ஆகும்? அண்ணன், "வேண்டாங்கறா" என்று எழுந்து வேட்டியைத் தட்டுவார். யாரும் நாச்சிமுத்துவைக் குறை சொல்ல முடியாது. கொடுக்கிறேன் என்றான், சோதனை எல்லாம் செய்துகொண்டான், அம்மன்தான் விடவில்லை. அவரே அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் எதிர்த்து எதிர்த்துப் பேசிய ஒருத்தி, கல்லாக நின்று, அவர் இடுப்பை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவாள். இவ்வளவு வசதியான கடவுளை எவன் வேண்டாம் என்பான்? அப்படியானால் அவர் கேட்டுக்கொண்டிருப்பது எந்தப் பூவை? துண்டின் அடியில் அந்த ஒரு சாண் தோல் பதில் சொல்லத் தயாராக இருந்தது. அவர் அதைப் பேசவிடவில்லை. அண்ணனின் கையைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்தி முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. அந்தக் கை அவரை சைக்கிளின் முன்கம்பியில் தூக்கி உட்காரவைத்த கை. இதைப் பார்த்தும் ஒருவன் இடப்பூவை நினைப்பானா? நினைக்கிறான், இதோ நினைக்கிறான். அப்போதுதான் அவர் தன் வலது கை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டார். அது தூணில் இருந்தது. தூணில் ஃபேனின் சுவிட்சு இருந்தது. ஃபேன் சூலத்தின் பக்கம், இடப்பூவுக்கு நேராக முகத்தை வைத்து நின்றிருந்தது. ஒரு தட்டு. பூசாரி வாசல் பக்கம் தேங்காய் நார் உரித்துக்கொண்டிருக்கிறார், மற்ற எல்லோரும் பூவில் கண்ணாக இருக்கிறார்கள். தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொன்னால் போதும், முதல் மூச்சிலேயே இடப்பூ விழுந்துவிடும். கோடிக்கணக்கான மனிதர்கள் மண்டியிட்டும் கிடைக்காத வசதி. தெய்வத்தின் தோளுக்கு ஒரு சுவிட்சு, அது அவர் விரலுக்குக் கீழே. சுவிட்சின் நுனி சூடாக இருந்தது, அல்லது விரல் சூடாக இருந்தது. சுலோச்சனாவின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவளுக்காகச் செய்யலாமே என்று ஒரு நியாயம் நல்ல பிள்ளை மாதிரி வந்து நின்றது. உலகத்தில் அற்புதங்களைச் சோடித்தவர்கள் யாருமே தனக்காகச் சோடித்ததில்லை, எல்லோருமே யாருக்காகவோதான். நாச்சிமுத்து கையை எடுத்தார். எடுத்ததோடு நிற்கவில்லை, பள்ளிப் பையன் மாதிரி அதைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மோதிரம் தொடையில் அழுத்தியது. அழுத்தட்டும்.

பூ விழும்போது சத்தம் வராது என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். பொய். காய்ந்த சந்தனத்தின் பொருக்கோடு அது பீடத்தில் பட்டு, பிறகு தட்டில் பட்டு, சின்னதாக இரண்டு சத்தம் போட்டது. சூலத்தின் பக்கம். வலப்பூ விளக்கின் அருகே அத்தனை சூட்டையும் வாங்கிக்கொண்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, இடப்பூ விழுந்துவிட்டது. ஃபேன் ஓடவில்லை. அவர் கை தொடைக்கடியில்தான் இருந்தது. நாச்சிமுத்து தன் நெஞ்சில் நிம்மதி வருவதற்காக ஒரு கணம் காத்திருந்தார், வாசலில் விருந்தாளியை எதிர்பார்ப்பதுபோல, கொஞ்சம் வெட்கத்தோடு. அது வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு எதுவோ கதவை உதைத்துக்கொண்டு வந்தது. அவர் எழுந்து நின்றிருந்தார். துண்டு எங்கேயோ விழுந்தது. "இதையெல்லாம் நான் ஒத்துக்க மாட்டேன்!" என்று யாரோ கத்தினார்கள், அவர்தான். "சந்தனம் காஞ்சா பூ விழுகும், இதுல வாக்கு என்ன வேண்டிக் கெடக்குது? அண்ணா, எந்திரிக்காதீங்க. இன்னொருக்கா கேளுங்க. சீனாக்காரன் மூணு தடவ கேக்கறான். யூதன் ரெண்டு தடவ கேட்டான். ஒருக்கா கேட்டுட்டு எந்திரிச்சுப் போறதுக்கு இதென்ன ரேசன் கடையா? அப்பறம் சொல்லிப்போடறேன், ஆயிரம் பூ விழட்டும், நான் குடுக்கத்தான் போறேன். ஒடம்பு என்றது. அண்ணன் என்றவரு. வேண்டாங்கறதுக்கு இவ யாரு?"

ஆறுமுகம் ஒரு கையில் தேங்காயும் ஒரு கையில் நாருமாக வாசலில் நின்றார். நங்கை வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கவுசல்யாதான் முதலில் பேசினாள், மிக மெதுவாக, தூக்கத்தில் நடப்பவரை எழுப்புகிற குரலில். "சித்தப்பா. அதுதானுங்க சோத்தாங்கைப் பக்கம்." "எது?" "விழுந்தது. அம்மனோட சோத்தாங்கைப் பக்கம். உத்தரவு குடுத்துட்டாங்க." நாச்சிமுத்து அம்மனைப் பார்த்தார். அவள் அவருக்கு எதிரில் நின்றிருந்தாள். எதிரில் நிற்கிறவளின் வலது கை தன் இடது கைக்கு நேரே வரும். இது ஒன்றாம் வகுப்புப் பாடம். ஸ்கேன் அறையில் அந்தப் பையன் சொல்லிக்கொடுத்தபோது தன் எலும்புக்கூட்டுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தவர், இத்தனை நேரம் இவளுக்குக் கொடுக்கவில்லை. கல்லுக்கு ஏது வலதும் இடதும்? பார்க்கிறவனுக்குத்தானே? அவரைத் தவிர அங்கே இருந்த எல்லோருக்கும் அவள் ஒரு ஆளாகத் தெரிந்தாள், ஆளுக்கு ஒரு சோத்தாங்கை இருந்தது, அதைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயத்தை அல்ல, நம்பிக்கையை, இமை கொட்டாமல். அவர் எழுதவிருந்த அருமையான வாக்கியங்கள் ஒவ்வொன்றாகச் சந்தனப் பொருக்கு மாதிரி உதிர்ந்தன. சட்டென்று அவர் சுலோச்சனாவின் பக்கம் திரும்பினார். "அப்ப நீயும் அந்தப் பூவுக்கா கும்பிட்டே?" "பின்ன?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போன்ல சொன்னீங்களே, அன்னைக்கிருந்து நான் இதத்தானுங்க கேக்கறேன். நீங்க நடுவுல மனசு மாறீருவீங்களோன்னுதான் பயம்." நங்கைக்கு முதலில் சிரிப்பு வெடித்தது. பிறகு கவுசல்யாவுக்கு. பூசாரி தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தார். இரண்டு மரத்துண்டும் மல்லாந்து ஆடுகின்றன என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார்.

கருப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டினார், நாச்சிமுத்து பிடித்துத் தூக்கிவிட்டார். எழுந்த பிறகும் அண்ணன் கையை விடவில்லை. புடைத்த அந்த நரம்பு நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் படபடவென்று ஓடியது. "அவ சொன்னது கெடக்கட்டும்டா" என்றார் அண்ணன். "நீ என்னமோ சொன்னியே, அத இன்னொருக்கா சொல்லு." "எதைங்க?" "ஒடம்பு யார்தோ, அண்ணன் யார்தோன்னியே." நாச்சிமுத்து வாயைத் திறந்தார். எல்லா மதங்களும் தெரிந்த அந்த வாயில் ஒன்றும் வரவில்லை. அண்ணன் தலையை ஆட்டினார். "பரவால்ல. மொதத் தடவ நல்லாவே கேட்டுச்சு" என்றார். "அந்தப் பூ விழுந்ததுங்கூட எனக்குப் பெருசில்லடா. வேண்டாம்னு விழுந்திருக்குதுன்னு நெனச்சுட்டு நீ எந்திரிச்ச பாரு." அண்ணன் நங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு விபூதி வாங்கப் போனார்.

நாச்சிமுத்து குனிந்து துண்டைத் தேடினார், பாதியில் அதை மறந்து நிமிர்ந்தார். விளக்குப் பக்கத்துப் பூ இன்னமும் தோளில் இருந்தது. இது அவருக்கு உறுத்தியது. அந்தப் பக்கம்தான் சூடு அதிகம், அந்தப் பக்கம்தான் முதலில் காய்ந்திருக்க வேண்டும். ஒருவேளை விளக்கின் எண்ணெய்ப் புகை சந்தனத்தில் படிந்து பிசினாக இறுக்கியிருக்கலாம். அல்லது நங்கை திட்டிய திட்டில்... இல்லை, எண்ணெய்ப் புகைதான். திரும்பிப் போகிறபோது காரில் யோசிக்க வேண்டும், அறுவைக்கு முந்திய வாரம் எழுத நிறைய நேரம் இருக்கும். "போலாமுங்களா" என்று சுலோச்சனா கூப்பிட்டாள். ஆறுமுகம் தூணுக்கு வந்து, நாச்சிமுத்து அத்தனை நேரம் தட்டாமல் காத்த சுவிட்சைத் தட்டினார். ஃபேன் முனகி எழுந்து, சூலத்தின் பக்கமிருந்து மெல்ல முகத்தைத் திருப்பியது. விளக்குச் சுடர் சாய்ந்தது, மிச்சமிருந்த பூ தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அது காற்று சொன்ன வாக்கு, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபேன் இன்னும் திரும்பி நாச்சிமுத்துவிடம் வந்தது. இடது விலாவுக்குக் கீழே, மறைப்பு இல்லாத அந்த இடத்தில், காற்று சில்லென்று பட்டது. கொஞ்சநேரம் அப்படியே நின்று வாங்கிக்கொண்டார்.